மீன் டப்பாவின் மேல் நீல முத்திரை

இறக்குமதியாகும் மீன் டப்பாக்கள் சிலவற்றின் மேல் நீல நிறத்தில் முட்டை வடிவ முத்திரை ஒன்று இருக்கும். உள்ளே வெள்ளைக் கோட்டில் ஒரு மீன். உற்றுப் பார்த்தால் அந்த மீனின் உருவமே கணக்குப்பிள்ளை பேரேட்டில் போடும் 'சரி' அடையாளம் போல வளைந்திருக்கும். "இது என்ன, அக்மார்க் மாதிரியா?" என்று சில்லறைக் கடை நண்பர்கள் கேட்கிறார்கள். அக்மார்க் மாதிரி என்று சொன்னால் பாதிதான் சரி. அக்மார்க் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. டப்பாவுக்குள் இருக்கும் சரக்கின் தரத்தைச் சொல்வது. இந்த நீல முத்திரையோ, பிடித்து டப்பாவில் அடைத்த மீனைக் காட்டிலும் பிடிக்காமல் கடலில் விட்டு வைத்த மீனைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. மீன் புதிதா பழையதா, எண்ணெய் நல்லதா, உப்பு அதிகமா என்பதற்கெல்லாம் அது பொறுப்பில்லை. அவற்றுக்கு உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும்தான் பார்க்க வேண்டும்.

வியாபாரிகளாகிய நாம் இந்த முத்திரையைப் படித்துத் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. மீன் வியாபாரத்தில் உள்ள இந்த வழக்கம் பாமாயில், காபி, தேயிலை, கோகோ என்று மளிகைச் சரக்கு பலவற்றுக்கும் வெவ்வேறு பெயர்களில் உண்டு. ஒன்றின் கணக்கு பிடிபட்டால் மற்றவற்றின் கணக்கும் பிடிபடும்.

முதல் தீர்ந்த கதை

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. அங்கே பிடிபடும் காட் மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக ஐரோப்பாவுக்கு அனுப்பும் வியாபாரம் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் நடந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் குழந்தைகளுக்கென்று விற்ற காட் லிவர் ஆயில் அந்த இன மீனின் ஈரலில் எடுப்பதுதான். பெரிய இழுவலைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, 1968ஆம் ஆண்டில் ஓராண்டுப் பிடிப்பு 8 லட்சம் டன் அளவுக்கு ஏறியது. பிறகு இறங்கியது. 1992 ஜூலை 2ஆம் தேதி கனடா அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தி உத்தரவு போட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தார்கள். இடையிடையே சிறு அளவுக்கு அனுமதி கொடுத்தார்களே தவிர, அந்தத் தடையை முறைப்படி நீக்கியது 2024ஆம் ஆண்டில்தான். அப்போதும் வரம்பு 18,000 டன். எட்டு லட்சம் எங்கே, பதினெட்டாயிரம் எங்கே!

அந்தக் காலத்தில் உறைபதன மீனை உலகிலேயே மிக அதிகமாகக் கொள்முதல் செய்தவர்களில் ஒருவர் யுனிலீவர். நம் கடைகளில் சோப்பும் டால்டாவும் விற்ற லீவர் கம்பெனியின் தாய் நிறுவனம். வாங்க மீன் இல்லையென்றால் விற்க மீன் ஏது என்று அவர்கள் யோசித்தார்கள். இதில் கருணையைக் காட்டிலும் கணக்கு பெரிது என்பது என் எண்ணம்; அதில் தவறும் இல்லை. உலக வனவிலங்கு நிதியம் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து 1996இல் திட்டம் அறிவித்து, 1997இல் லண்டனில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், சுருக்கமாக எம்.எஸ்.சி. இரண்டு ஆண்டுகளில் அது தனி அமைப்பாகப் பிரிந்தது. 2000ஆம் ஆண்டில் முதல் சான்றிதழ்கள் வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கி இறால் அவற்றில் ஒன்று.

இதற்கு முன்பும் மீன் டப்பாவில் முத்திரை இருந்தது. சூரை மீன் வலையில் டால்பின்கள் சிக்கிச் சாகின்றன என்று அமெரிக்காவில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் டப்பா மீனை வாங்க மறுத்ததால், 1990இல் அங்கே மூன்று பெரிய கம்பெனிகள் 'டால்பினுக்குத் தீங்கில்லாதது' என்று அச்சிடத் தொடங்கின. அது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். எம்.எஸ்.சி. கேட்கும் கேள்விகள் அதைவிட அதிகம்.

மதிப்பெண் போடும் விதம்

சான்றிதழ் தனி ஒரு படகுக்கோ கம்பெனியின் பெயருக்கோ கிடைப்பதில்லை. இன்ன கடலில், இன்ன மீனை, இன்ன வலையால் பிடிக்கும் தொழில் என்று வரையறுத்து அதற்குத்தான் தருகிறார்கள். மூன்று தலைப்பு. கடலில் அந்த மீன் போதுமான அளவு மிஞ்சியிருக்கிறதா. பிடிக்கும்போது மற்ற உயிர்களுக்கும் கடலடித் தரைக்கும் என்ன சேதம். பிடிப்பைக் கட்டுப்படுத்தச் சட்டமும் அதை நடத்த ஆளும் உண்டா. இவற்றின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள். எந்தக் கேள்வியிலும் 60க்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு தலைப்பிலும் சராசரி 80 வர வேண்டும். 60க்கும் 80க்கும் நடுவில் நிற்கும் கேள்விகளுக்கு நிபந்தனை போட்டு, குறித்த காலத்துக்குள் சரி செய்யச் சொல்கிறார்கள். சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்கு. நடுவில் ஆண்டுதோறும் தணிக்கை.

மதிப்பெண் போடுவது எம்.எஸ்.சி. அல்ல. அங்கீகாரம் பெற்ற வெளித் தணிக்கை நிறுவனங்கள் போடுகின்றன. அந்த நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுபவரோ சான்றிதழ் கேட்கும் மீன்பிடித் தரப்பே. நெல் அளப்பவனுக்கு நெல்லுக்காரனே கூலி கொடுக்கிற கதைதானே என்று நம்மவர்கள் உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி, உலகத்திலும் பலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் காப்பு, அறிக்கை முழுவதையும் பகிரங்கமாக வெளியிடுவதும், யாரும் ஆட்சேபம் எழுப்பினால் தனி நடுவர் விசாரிப்பதும். அது எல்லாச் சந்தேகத்தையும் தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளவையை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வைக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கானாங்கெளுத்திக்கு உறவான மாக்கரல் மீனின் கதை இதற்கு நல்ல பாடம். வடகிழக்கு அட்லாண்டிக் கடலில் பிடிக்கும் மாக்கரலுக்குச் சான்றிதழ் இருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீன் கூட்டம் வடமேற்காக நகர்ந்து ஐஸ்லாந்து, பரோ தீவுகளின் கடலுக்குள்ளும் நிறையப் போயிற்று. 'எங்கள் கடலுக்கு வந்த மீன் எங்களுக்கு' என்று அவர்கள் தாங்களே வரம்பு நிர்ணயித்துக்கொண்டார்கள். நார்வேயும் ஐரோப்பிய நாடுகளும் தங்கள் பங்கைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் கணக்கில் நேர்மையாகத்தான் பிடித்தது. கூட்டிப் பார்த்தால் விஞ்ஞானிகள் சொன்ன அளவுக்கு மேல். கூட்டு வியாபாரத்தில் நாலு பங்காளிகளும் 'என் பங்குதானே' என்று கல்லாவிலிருந்து எடுத்தால் முதல் என்னாகும்? 2012இல் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். 2016இல் மீண்டும் கிடைத்தது. 2019 மார்ச்சில் மறுபடி நிறுத்தினார்கள். பிடித்தவன் வலையில் குற்றமில்லை, பதப்படுத்தியவன் கிடங்கில் குற்றமில்லை. ஆனாலும் அந்தத் தேதிக்குப் பின் பிடித்த மீனுக்கு முத்திரை போட வழியில்லை. முத்திரையை நம்பி ஒப்பந்தம் போட்ட வியாபாரிகள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'சான்று பெற்றது' என்று விலைப்பட்டியலில் ஒரு முறை அச்சிட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே விடக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சங்கிலி அறுகிற இடம்

இனி நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி. கடலில் சான்றிதழ் வாங்கிய மீன் படகிலிருந்து இறங்கியதும் வியாபாரிகள் கையில் வருகிறது. ஏலக்காரர், ஐஸ் கிடங்கு, பதனிடும் ஆலை, ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி என்று கை மாறுகிறது. மீன் முகத்தில் சான்றிதழ் எழுதியிருக்காது. சான்று பெற்ற சூரையும் சான்று பெறாத சூரையும் ஒரே தொட்டியில் விழுந்தால் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. ஆகவே சரக்கைச் சொந்தமாக வாங்கி விற்கும் ஒவ்வொரு கைக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். இதை 'செயின் ஆஃப் கஸ்டடி' என்கிறார்கள். கைமாற்றுச் சங்கிலி என்று வைத்துக்கொள்வோம்.

சங்கிலியில் இருப்பவர் செய்ய வேண்டியது நம் தொழிலில் இல்லாத புதுமை ஒன்றுமில்லை. சான்றிதழ் உள்ளவரிடமே அந்தச் சரக்கை வாங்க வேண்டும். பில்லில் அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கிடங்கில் தனி இடத்தில், தனி அடையாளத்தோடு வைக்க வேண்டும். எந்த லாட் எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்று கேட்டால் ஏட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். தணிக்கைக்கு வருபவர் விற்பனையான ஒரு பெட்டியை எடுத்து, "இது எந்தக் கொள்முதல்?" என்று பின்னோக்கி நடந்து போவார். பிறகு எடையைக் கூட்டுவார். நூறு கிலோ துவரையைக் கொடுத்து உடைத்தால் எவ்வளவு பருப்பு, எவ்வளவு குருணை, எவ்வளவு தொலி என்று நமக்கு மனப்பாடம். தொண்ணூற்றைந்து கிலோ பருப்பு வந்தது என்று ஒருவர் பில் காட்டினால், வேறெங்கோ வாங்கிய பருப்பு கலந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். மீனிலும் அதே கணக்குதான். தலை, முள், குடல், தோல் கழிந்து டப்பாவுக்கு வரும் சதை முழு எடையில் பாதிக்கும் கீழே. வாங்கிய எடையும் விற்ற எடையும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பலன் உண்டா? 18 நாடுகளின் கடைகளில் 1,402 முத்திரைச் சரக்குகளை வாங்கி மரபணுச் சோதனை செய்த முடிவை 2019இல் வெளியிட்டார்கள். ஒன்றின் பெயரில் வேறு மீன் இருந்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஏலக்காயில் எத்தனை கலப்படம், மிளகில் எத்தனை பப்பாளி விதை என்று பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய எண்.

சில்லறைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று. முத்திரையோடு முழுதாக மூடி வந்த டப்பாவை, பாக்கெட்டை அப்படியே விற்கும் கடைக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பெரிய பொட்டலத்தைப் பிரித்து, கடையிலேயே சிறு பைகளில் போட்டு, 'இது சான்று பெற்ற மீன்' என்று சீட்டு ஒட்டினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது. சரக்கு அதேதான், சொல்லும் உரிமைதான் போயிற்று. முத்திரைக்குக் கீழே எம்.எஸ்.சி.-சி என்று தொடங்கி ஐந்து எண்கள் அச்சாகியிருக்கும். அது அந்தக் கைமாற்றுச் சான்றிதழின் எண். அந்த எண்ணை அவர்களுடைய பதிவில் தேடினால் கம்பெனியின் பெயரும் சான்றிதழ் உயிரோடிருக்கிறதா என்பதும் தெரியும். முத்திரையைப் பயன்படுத்துவதற்கு ஆண்டுக் கட்டணமும் மொத்த விற்பனை மதிப்பில் 0.5 சதவீதமும் கட்ட வேண்டும். அரை சதவீதம் சிறிது என்று தோன்றும். நம் மளிகை மொத்த வியாபாரத்தில் சில சரக்குகளுக்கு முழு லாபமே அவ்வளவுதான்.

கொல்லத்து மட்டி

இந்தியாவில் முதன்முதலாக இந்தச் சான்றிதழ் வாங்கியது பெரிய கப்பல் கம்பெனி எதுவும் இல்லை. கேரளத்தில் கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடி ஏரியில் முங்கியும் வாரியும் மட்டி எடுக்கும் எளிய மக்கள். அங்கே கக்கா என்பார்கள். 1980களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா நாடுகளின் தேவையால் அந்த மட்டிச் சதைக்கு ஏற்றுமதி விலை கிடைத்தது. 1991இல் 10,000 டன் வரை எடுத்தார்கள். 1993இல் அது பாதியாக விழுந்தது.

அதன் பிறகு மூன்று ஏற்பாடுகள் வந்தன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பதில்லை; சிறு கண் வலை கூடாது; ஏற்றுமதிக்கு வாங்கும் சதையில் கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதுதான் என் மனத்தைக் கவர்ந்தது. கொல்லம் முந்திரி ஊர். ராத்தலுக்கு 240, 320 என்று எண்ணிப் பருப்பு வாங்கும் வழக்கம் அவர்களுக்குப் பரம்பரைப் பாடம், நமக்கும் தெரிந்ததுதான். எண்ணிக்கை கூடினால் மட்டி சிறியது என்று பொருள். சிறியதை வியாபாரி வாங்க மாட்டான் என்றால், எடுப்பவனும் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். ஏரி முழுக்கக் காவல்காரனை நிறுத்துவதைவிட வாங்குகிற இடத்தில் நிற்கும் தராசு அதிகம் சாதித்தது. பத்து ஆண்டுகளில் பிடிப்பு பழைய நிலைக்கு வந்தது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மாநில மீன்துறை, உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை மூவரும் துணை நிற்க, 2014 நவம்பரில் சான்றிதழ் கிடைத்தது. எடுப்பது, சுத்தம் செய்வது, விற்பது எல்லாம் சேர்த்துச் சுமார் 3,000 பேர் அந்த மட்டியை நம்பியிருந்தார்கள்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. பின்னாளில் அந்த ஏரியில் மட்டி மறுபடி குறைந்தது. அதே ஆராய்ச்சி நிலையம் பொரிப்பகத்தில் வளர்த்த மட்டிக் குஞ்சுகளை ஏரியில் விட வேண்டியதாயிற்று. சான்றிதழ் என்பது அந்தந்த ஆண்டுகளின் கணக்கு. ஏரிக்குக் காப்பீடு இல்லை.

முத்திரையும் சட்டமும்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.எஸ்.சி. முத்திரை விருப்பத்தின் பேரில் வாங்குவது. இல்லாமலும் விற்கலாம். ஆனால் ஐரோப்பாவுக்குக் கடல் மீன் அனுப்ப, 2010 முதல் ஒவ்வொரு சரக்குக்கும் பிடிப்புச் சான்று கட்டாயம். எந்தப் படகு, எந்தக் கடல் என்று எழுதி, நம் நாட்டில் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கையொப்பமிட வேண்டும். அமெரிக்காவில் 1989இல் ஒரு சட்டம் வந்தது: கடலாமை தப்பிச் செல்லும் கருவி இல்லாத இழுவலையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. இதை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 1998இல் வந்த தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நாட்டுக்கு நாடு பாரபட்சமாக நடத்தியது தவறு என்றது. 2018இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா அந்தச் சட்டத்தின்படி வாசலைச் சாத்தியது. பண்ணை இறால் மட்டும் போயிற்று. ஆமை எத்தனை தப்பியது என்பது ஒரு கணக்கு; விசைப்படகில் போகிறவனுக்கு அவன் இறாலை வாங்க ஒரு பெரிய சந்தை குறைந்தது இன்னொரு கணக்கு.

முத்திரை சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு. வலை இழுத்தவனுக்குக் கூலி கிடைத்ததா என்பது. தாய்லாந்து மீன்பிடிக் கப்பல்களில் அண்டை நாட்டு ஏழைகளை அடிமைகள் போல வைத்து வேலை வாங்கியது 2014, 2015இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் நிபந்தனைகளை எம்.எஸ்.சி. சேர்த்தது அதற்குப் பிறகுதான். மீன் மிஞ்சுவதை அளந்த அளவுக்கு மனிதன் வாழ்வதை அந்த முத்திரை இன்னும் அளக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மாசிச் சாக்கு

கடைசியாக நம் கடைச் சரக்குக்கு வருகிறேன். மாலத்தீவுக்காரர்கள் தூண்டில் கழியால் சூரை பிடிப்பவர்கள். உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் இறைத்து, சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, ஒரு தூண்டிலுக்கு ஒரு மீனாகத் தூக்கிப் போடுவார்கள். வலையே இல்லாததால் ஆமை, டால்பின் சிக்குவது மிகக் குறைவு. இந்தத் தொழிலுக்கு 2012 நவம்பரில் எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. ஆனால் சூரை மாலத்தீவுக் கடலில் மட்டும் நிற்கும் மீன் இல்லையே. இந்துமாக்கடல் முழுதும் திரிகிறது. மற்ற நாடுகளும் சேர்ந்து பிடிப்புக்கு வரம்பு வைக்கும் விதியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. மாலத்தீவு விடாமல் கேட்டு, இந்துமாக்கடல் சூரை ஆணையம் 2016இல் அந்த விதியை ஏற்றது. சின்ன நாடு, சந்தையில் கிடைத்த மரியாதையை வைத்துப் பெரிய நாடுகளைப் பேச்சுக்கு இழுத்தது.

அந்தச் சூரை ஆலைக்குப் போய் டப்பாவிலும் உறைபதனப் பெட்டியிலும் ஏறி ஐரோப்பாவுக்குப் போகும்போது நீல முத்திரையோடு போகிறது. அதே சூரையைத் தீவு வீடுகளில் அவித்து, புகையிட்டு, வெயிலில் கட்டை போல உலர்த்தினால் அதுதான் மாசி. இலங்கையில் அது இல்லாமல் சம்பல் இல்லை. நம் தென் மாவட்டங்களிலும் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயமும் மளிகையும் மாலிக்குப் போவது பழைய வழக்கம். ஆகவே அவர்கள் நமக்கு அந்நியர் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் என் கைக்கு வந்த எந்த மாசிச் சாக்கிலும் அந்த நீல முத்திரையை நான் பார்த்ததில்லை. கடலும் தூண்டிலும் ஒன்றாக இருந்தாலும், வீட்டு முற்றத்தில் உலர்த்தி, பல வீட்டு மாசியை ஒரே சாக்கில் கொட்டி, தீவுப் பெயர் இல்லாமல் பில் போடும்போது சங்கிலி அறுந்துவிடுகிறது. சான்றிதழுக்கான தணிக்கைச் செலவோ பல லட்ச ரூபாய். முற்றத்தில் மாசி உலர்த்தும் குடும்பம் அதை நினைத்தும் பார்க்க முடியாது. உலகக் கடல் பிடிப்பில் எம்.எஸ்.சி. சான்றிதழின் கீழ் வருவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதிலும் பெரும் பகுதி பணக்கார நாடுகளுடையது என்பதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

மாசி, கருவாடு வாங்கும் நண்பர்களுக்கு முத்திரை இப்போதைக்குக் கிடைக்காவிட்டாலும், பில்லில் ஐந்து விவரம் கேட்டு வாங்கச் செலவில்லை: மாலத்தீவு மாசியா லட்சத்தீவு மாசியா, எந்தத் தீவு, தூண்டிலா வலையா, உலர்த்திய மாதம், லாட் எண். தீவு மாறினால் சாக்கை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், கிடங்கில் கலக்காமல் அடுக்குங்கள். வேறு மீனைக் கலந்து விட்டிருக்கிறார்களா என்று கட்டையை உடைத்துப் பாருங்கள். நல்ல சூரை மாசி உள்ளே கருஞ்சிவப்பாக, கண்ணாடி போல உடையும்.